மோட்டார் சைக்கிள் பிரதர்

நாவலப்பிட்டிச் சபையில் பாதிப் பேர் செல்லச்சாமியை ‘மோட்டார் சைக்கிள் பிரதர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. தெரியாது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. அந்தச் சாமான் தெருவில் வந்தாலே அவர் ஓரமாக ஒதுங்கிவிடுவார். சனிக்கிழமைதோறும் பாஸ்டரின் வண்டியைக் கழுவித் துடைப்பது அவர் ஊழியம். அப்போதும், ஸ்டாண்ட் சரியாக நிற்கிறதா என்று இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் போவார்.

பட்டம் வந்த கதை கொஞ்சம் வெட்கக்கேடானது. பாஸ்டர் ஆனந்த சிங்களவர், தமிழில் ‘ஸ்தோத்திரம்’ தாண்டி ஒன்றும் வராது. செல்லச்சாமி இருபது வருசமாக இரும்புக்கடையில் நின்று, ஆணிக்கும் தகரத்துக்கும் சிங்களத்தில் விலை பேசி மல்லுக்கட்டியவர். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பாஸ்டர் ஒரு வசனம் சொல்ல, பக்கத்தில் நின்று அதைத் தமிழில் சொல்லும் வேலை அவருக்கு வந்தது. அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. பேசுகிறவர் ‘நான்’ என்றால், இவரும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். பாஸ்டர் அழுதால் இவரும் குரலைக் கொஞ்சம் நனைத்துக்கொள்ள வேண்டும். “என் மனைவி குமாரி” என்று இவர் உருக்கமாகச் சொல்லும்போது, முன்வரிசையில் இருக்கும் இவருடைய சொந்த மனைவி அன்னலட்சுமி முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள்.

பத்து வருசமாக அவர் வாயில் வந்த ‘நான்’ எல்லாம் பாஸ்டருடையவை. ஆண்டவர் உங்களுக்குச் செய்ததை, உங்கள் சாட்சியைச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், “எல்லாம் ஆண்டவர் கிருபை” என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். அதைப் பணிவு என்று மற்றவர்கள் நினைத்தார்கள். உண்மையில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

மூன்று வருசத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாஸ்டர் தன் பழைய கதையைச் சொன்னார். கடுகண்ணாவை மலை இறக்கத்தில் மோட்டார் சைக்கிளின் பிரேக் அறுந்துபோனதையும், “இயேசுவே” என்று கத்தியதையும், பள்ளத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி மண்மேட்டில் சாய்ந்து நின்றதையும் சொன்னார். பாதியில் பாஸ்டரின் மைக் செத்துப்போய்விட்டது. செல்லச்சாமியின் மைக் மட்டும் கணீரென்று கேட்டது. அன்று கூட்டம் நெரிந்ததால், மலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் தடவையாக வந்த பாப்பம்மா என்கிற கொழுந்து பறிக்கும் பெண், வெளியே விறாந்தையில் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றாள். அந்த வாரந்தான் அவளுடைய ஒரே மகள் தேவிகாவுக்குச் சீனி வியாதி என்று கண்டியில் சொல்லியிருந்தார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை. உயிரோடு இருக்க வேண்டுமானால் தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசி போட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் அவள் ஒலிபெருக்கியில் கேட்ட குரலைத் தேடி நேரே செல்லச்சாமியிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டாள். “பிரேக் இல்லாத வண்டிய நிப்பாட்டி உங்கள காப்பாத்துனவரு, என் புள்ளய காப்பாத்த மாட்டாராங்க?” என்று கேட்டு அழுதாள்.

அது நானில்லை, பாஸ்டர் என்று சொல்ல ஒரு வரி போதும். செல்லச்சாமி சொல்லவில்லை. அழுகிற பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று தனக்குத்தானே ஒரு நியாயம் வைத்துக்கொண்டார். அதைவிட உண்மையான காரணம், அப்படி ஒரு கும்பிடு அவருக்கு வாழ்க்கையில் அதுவரை கிடைத்ததில்லை. பாஸ்டர் பக்கத்தில் வந்து இவள் என்ன சொல்கிறாள் என்று சிங்களத்தில் கேட்டார். “பிள்ளைக்காக ஜெபிக்கச் சொல்கிறாள்” என்று செல்லச்சாமி சொல்லி முடித்துவிட்டார். பாஸ்டருக்குத் தமிழ் வராது, பாப்பம்மாவுக்குச் சிங்களம் வராது. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஒரே வாய் செல்லச்சாமியுடையது. பாஸ்டரும் அந்தக் கதையை மறுபடி சொல்லவில்லை. அதனால் பொய் மூன்று வருசம் சொகுசாக உட்கார்ந்திருந்தது. அவள் வைத்த பட்டத்தை மற்றவர்கள், வண்டி கழுவுகிறவருக்கு வைத்த செல்லப் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இப்படியிருக்க, ஒரு சனிக்கிழமை பாஸ்டர் கொழும்புக்கு ரயிலில் போயிருந்தார். கடையில் அரைநாள் வேலை முடிந்து, செல்லச்சாமி சபை விறாந்தையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக விடாத மழை. ஒரு மணி இருக்கும். பாப்பம்மா தலையில் உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தாள். மார்போடு ஒரு பிளாஸ்க்கை அணைத்திருந்தாள்.

“பிரதர், மேல மண்ணு சரிஞ்சிருச்சாம். பஸ்ஸு இல்ல. ஆட்டோக்காரங்க யாரும் வர மாட்டேங்கிறாங்க.”

மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைச் சொன்னாள். நேற்றுக் காலை இன்சுலின் போத்தல் கை தவறி உடைந்துபோயிற்று. மழையில் நேற்று முழுக்க பஸ் ஓடவில்லை, பிள்ளைக்கு ஊசியும் இல்லை. இன்று விடியற்காலை முதல் பஸ்ஸில் கண்டிக்கு ஓடி மருந்து வாங்கி, ஐஸ் போட்டு எடுத்து வருகிறாள். அவள் புறப்படும்போதே தேவிகா வாந்தியெடுக்கத் தொடங்கியிருந்தாள். தோட்டத்துக்கு ஏழு மைல், பெரும்பாலும் ஏற்றம். நடந்தால் மூன்றரை மணி நேரம் ஆகும்.

“போன தடவ ஊசி தவறுனப்ப, இன்னும் ரெண்டு மணித்தியாலம் லேட்டாயிருந்தா புள்ள இல்லன்னு டாக்டர் சொன்னாருங்க. மண்ணு சரிஞ்ச எடத்துல மோட்டார் சைக்கிள் மட்டும் போகலாமாம். நீங்க இருக்கீங்கதானே.”

செல்லச்சாமி கையிலிருந்த துணியை முறுக்கினார், உதறினார், மறுபடி முறுக்கினார். “கொஞ்சம் இருங்க சிஸ்டர்” என்று சொல்லிவிட்டு, பக்கத்துக் கராஜுக்கு ஓடினார்.

கராஜ்காரர் பாயிஸுக்கு வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. செல்லச்சாமி விசயத்தைச் சொன்னதும் அவர் இடது கையால் இரண்டு பேருக்குப் போன் எடுத்தார். ஒருவன் எடுக்கவில்லை. மற்றவன் இன்றைக்கு அந்த ரோட்டுப் பேச்சே எடுக்க வேண்டாம் என்று வைத்துவிட்டான்.

“ஏன் அண்ணே, ஒங்களுக்கே போக ஏலும்தானே? பாஸ்டர்ட பைக் நிக்குதே.”

“எனக்கு ஓட்டத் தெரியாது பாயிஸ்.”

பாயிஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். “ஒங்கள எல்லாரும் மோட்டார் சைக்கிள்...” என்று தொடங்கி, செல்லச்சாமியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “சைக்கிள் ஓடுவீங்களா?”

“அது ஓடுவேன்.”

“அப்ப வாங்க. ஏறி ஒக்காருங்க.”

செல்லச்சாமி வண்டியைக் கராஜ் முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். பாடம் பத்து நிமிசம் நடந்தது. இது கிளச், இது பிரேக், இது கியர். கிளச்சைச் சட்டென்று விட்டால் குதிரை மாதிரித் துள்ளும், மெல்ல விட வேண்டும். “ரெண்டாவது கியருக்கு மேல போகவே வாணாம். பயந்தா முன் பிரேக்க மட்டும் புடிச்சிராதீங்க, தூக்கி வீசிரும். வெளங்கிச்சா?” செல்லச்சாமிக்கு அந்தக் கடைசி வார்த்தை மட்டுந்தான் விளங்கியது. கராஜ் முற்றத்தில் மூன்று தடவை வண்டி செத்துப்போனது. நாலாவது தடவை நகர்ந்தது. பாயிஸ் சுவரில் தொங்கிய தன் ஹெல்மெட்டை எடுத்து அவர் தலையில் மாட்டினார்.

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று செல்லச்சாமி நினைத்தார். சொன்னால் பாப்பம்மா நடப்பாள். நடந்தால் பிள்ளை போய்விடும். சொல்லாமல் ஓட்டினால் மூன்று பேரின் உயிரும் போகலாம். இப்படி எண்ணிக்கொண்டே சபை வாசலுக்கு வந்தபோது, அவள் பிளாஸ்க்கைச் சேலைக்குள் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அந்த நம்பிக்கையைப் பார்க்கத்தான் அவருக்கு அதிகம் பயமாக இருந்தது.

ஊரைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. ஒரு லாரி ஹோர்ன் அடித்ததற்கு வண்டியை வடிகால் ஓரம் வரை கொண்டுபோய்த் திருப்பினார். பாலம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. கீழே எங்கேயோ தண்ணீர் இரைந்தது. மழை கண்ணில் அடித்தது, துடைக்க ஒரு கையை எடுக்கத் தைரியம் வரவில்லை. கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் மரத்துப்போய், அவை தன்னுடையவைதானா என்று சந்தேகம் வந்தது. கால்கள் வண்டியின் இரண்டு பக்கமும் தொங்கித் தொங்கி ரோட்டைத் தொட்டன. காலில் போட்டிருந்த சப்பாத்தில் ஒன்று எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

ஜெபிக்கலாம் என்று பார்த்தார். அவருக்குத் தெரிந்த ஜெபங்களுக்குக் குறைவில்லை. பத்து வருசமாக மொழிபெயர்த்த ஜெபங்கள் வரிசையாக மண்டையில் கிடந்தன. “சேனைகளின் கர்த்தாவே” என்று தொடங்கினார். அடுத்த வளைவில் பின் சக்கரம் வழுக்கியது, வரி அறுந்தது. பாஸ்டர் சொல்லாமல் அவருக்கு அடுத்த வரி வரவில்லை. வாய் திறந்தபடி இருக்க, “அப்பா, நான் செல்லச்சாமி, பயமா இருக்கு” என்ற அளவில்தான் உள்ளே சத்தம் வந்தது. யாரோ கேட்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு முதல் தடவையாகத் தோன்றியது. அந்த நினைப்பு ஆறுதலாக இல்லை. கேட்கிறவர் ஒருவர் உண்மையாகவே இருக்கிறார் என்றால், இத்தனை நாள் பேசியதையும் கேட்டிருப்பார்தானே. பயம் ஒன்றுக்கு இரண்டாகிவிட்டது.

மூன்றாவது மைலில் ரோடு சட்டென்று இறங்கியது. வண்டி தன்பாட்டுக்கு வேகம் பிடித்தது. பின்னால் பாப்பம்மா சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினாள்.

“கடுகண்ணாவையில இந்தப் பிரதர நிப்பாட்டுன ஆண்டவரே, அதே மாதிரி இங்கயும் எங்கள காப்பாத்துங்க. அன்னிக்கு இவரு கூப்புட்டப்ப கேட்டீங்க. இவரோட சாட்சிய நம்பி வர்றேன்...”

செல்லச்சாமிக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. தன் பொய் அவள் வாயால் மேலே ஏறிப்போகிறது. அதைக் கேட்டுவிட்டு ஆண்டவர் கையை எடுத்துவிட்டால்? அந்த இறக்கத்தைவிட, அந்த ஜெபம் செல்லச்சாமியை உலுக்கியது. இரண்டு பிரேக்கையும் ஒன்றாகப் பிடித்தார். வண்டி பாம்பு மாதிரி நெளிந்து, மதகுக் கட்டில் இடித்து, இஞ்சின் செத்து நின்றது.

“சிஸ்டர், அப்படி ஜெபிக்காதீங்க.”

“ஏங்க?”

“அது நான் இல்ல. பாஸ்டர். அவருக்கு நடந்தத நான் தமிழ்ல சொன்னேன். அவ்வளவுதான். எனக்கு வண்டி ஓட்டவே தெரியாது. இன்னிக்குத்தான் ஏறியிருக்கேன்.”

பாப்பம்மா இறங்கி முன்னால் வந்து அவர் முகத்தைப் பார்த்தாள். முதலில் சேலைக்குள் கையை விட்டு, பிளாஸ்க் உடையவில்லை என்று தடவிப் பார்த்துக்கொண்டாள்.

“மூணு வருசமாங்க?”

“ஆமா.”

“உங்கள நம்பித்தான் கும்பிட்ட சாமிய விட்டுட்டு, எங்க லயத்து வீடுகள்ல எல்லாரோடயும் பகையாகி நிக்கிறேன். என் வீட்டுக்காரரோட தாயி என் வாசலக்கூட மிதிக்கிறதில்ல. ஒரு மனுசன ஆண்டவரு காப்பாத்தியிருக்காரு, அந்த மனுசன எனக்குத் தெரியும்னு அவங்ககிட்ட எத்தன தடவ சொல்லியிருப்பேன்.” அவள் கத்தவில்லை. “அப்ப உங்களுக்கு என்னதான் நடந்துச்சு?”

“ஒண்ணும் நடக்கல. இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் ஒண்ணுமே நடக்கல.”

அவள் உரப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். இன்னும் நாலு மைல். மழை நின்றபாடில்லை.

திரும்பிப் போய்விட செல்லச்சாமிக்கு எல்லா வசதியும் இருந்தது. உண்மையைச் சொல்லியாயிற்று, இறக்கத்தில் தள்ளிக்கொண்டே போனால் ஊர் வந்துவிடும். ஆனால் அவள் நடக்கிற வேகத்தை அவர் பார்த்தார். அந்த வேகத்தில் பிள்ளை பிழைக்காது. வண்டியை உதைத்தார். ஐந்தாவது உதையில் பிடித்தது. முதல் கியரில், காலை ஊன்றி ஊன்றி, அவள் பின்னாலேயே போனார். அவள் திரும்பவில்லை. “ஏறிக்கங்கக்கா” என்று இரண்டு தரம் சொன்னார். சிஸ்டர் என்ற வார்த்தை அவருக்கு இப்போது வாயில் வரவில்லை. அவள் நடையைத்தான் கூட்டினாள்.

கால் மைலில் மண்சரிவு வந்தது. ரோட்டில் முக்கால்வாசி இல்லை. மலைப் பக்கம் ஒட்டி ஒரு பாய் அகலத்துக்குச் சிவந்த சேறு, அதற்கு வெளியே பள்ளம். மண்வெட்டியோடு நின்ற சிங்களத் தொழிலாளி ஒருவர், ஆள் தனியாக நடக்க வேண்டும், வண்டி தனியாகப் போக வேண்டும், நடுவில் நிற்கக் கூடாது, நின்றால் மண் தாங்காது என்றார். பாப்பம்மா விளங்காமல் நின்றாள். கோபமாக இருந்தாலும் அவளுக்கு வேறு வழியில்லை, செல்லச்சாமி பக்கம் பார்த்தாள். அவர் அதைத் தமிழில் சொன்னார். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அவள் பிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு மலையோடு ஒட்டி நடந்து, அந்தப் பக்கம் சேர்ந்து, அங்கேயே நின்றாள்.

இப்போது அவர் முறை. பள்ளத்தைப் பார்க்காதே என்று நினைக்க நினைக்க, பள்ளம் மட்டுமே தெரிந்தது. மேலேயிருந்து இரண்டு கல் உருண்டு வந்து, வண்டிக்கு முன்னால் விழுந்து, வெளியே போயிற்று. விழுந்த சத்தம் வரவேயில்லை. தள்ளிக்கொண்டு போகிறேனே என்று அந்தத் தொழிலாளியிடம் கேட்டார். சேற்றில் தள்ளினால் பாதியில் புதையும், ஓட்டித்தான் போக வேண்டும் என்றார் அவர்.

பாஸ்டரின் ஆண்டவர் என்றோ, பாப்பம்மாவின் ஆண்டவர் என்றோ சொல்லிப் பயனில்லை. அங்கே நின்றது அவர் ஒருவர்தான். தனக்கு வாக்குத்தத்தம் ஒன்றும் கிடைத்ததாக அவருக்குத் தெரியவில்லை. விழாமல் பார்த்துக்கொள்வார் என்றுகூட நிச்சயமில்லை. “விழுந்தாலும் நீங்க இருங்க” என்று மட்டும் கேட்டார். கிளச்சை விட்டார். வண்டி துள்ளியது, சேறு முகத்தில் அடித்தது, பின் சக்கரம் வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. “அப்பா, அப்பா, அப்பா” என்று தான் கத்திக்கொண்டிருப்பது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவருக்கே கேட்டது.

வண்டியை மலையில் சாய்த்துவிட்டு வாந்தியெடுத்தார். பாப்பம்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இவ்வளவு பயந்தவரு எதுக்கு வந்தீங்க?”

“புள்ளைக்கு நேரமாகுதுக்கா.”

“விழுந்திருந்தா?”

“விழுந்திருப்பேன்.”

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். “போங்கண்ணே” என்றாள்.

“இன்னும் பயமாத்தான் இருக்கு.”

“எனக்குந்தான். போங்க.”

மீதி மூன்றே முக்கால் மைலில் அவர்கள் இரண்டு தடவை விழப் பார்த்து, ஒரு தடவை விழுந்தார்கள். விழும்போது பாப்பம்மா பிளாஸ்க்கை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்து, முதுகில் அடி வாங்கினாள். எழுந்து மறுபடி ஏறினார்கள். இந்த முறை அவள் ஜெபித்தது, அவர் கத்திய ‘அப்பா, அப்பா’வில் அவருக்குக் கேட்கவில்லை. அவர் தோளைப் பிடித்திருந்த கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

லயத்து வாசலில் பாப்பம்மாவின் புருசன் லெட்சுமணன் மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மழையென்றும் பாராமல் அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். பிள்ளையின் உதடு வெடித்து, மூச்சு பெரிது பெரிதாக வந்துகொண்டிருந்தது. பாப்பம்மா வண்டி நிற்குமுன்பே குதித்து ஓடினாள். அவள் போத்தலை எடுத்து ஊசியில் மருந்து ஏற்றும்போது, கை ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் நின்றதை செல்லச்சாமி பார்த்தார். அவரால் வண்டியைவிட்டு இறங்க முடியவில்லை. விரல்கள் கைப்பிடியிலிருந்து பிரிய மறுத்தன. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல், அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ, காலை இரண்டு பக்கமும் ஊன்றியபடி அப்படியே நனைந்துகொண்டிருந்தார்.

“அம்மா, தண்ணி” என்று உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் அவர் விரல்கள் பிரிந்தன. அவர் அழுதார்.

லெட்சுமணன் ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு வெளியே வந்தான். அவனுக்கு மனைவி போன வழி பிடித்ததேயில்லை, சபை ஆட்களோடு முகம் கொடுத்துப் பேசியதுமில்லை. இன்று கண் கலங்கியிருந்தது.

“நீங்கதானே அந்த மோட்டார் சைக்கிள் பிரதர்? உங்களப் பத்தி இவ சொல்லாத நாளில்ல.”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். செல்லச்சாமி வாயைத் திறந்தார். அதற்குள் பாப்பம்மா ஈரச் சேலையோடு வாசலில் வந்து நின்றாள்.

“இல்லங்க. அது வேற ஆளு. நான் சொன்னது தப்பு” என்றாள். “இவரு பேரு செல்லச்சாமி. இவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது.”

“தெரியாமயா இந்த ரோட்டுல வந்தாரு?”

“தெரியாமத்தான் வந்தாரு. வழி நெடுக அப்பா அப்பான்னு கத்திக்கிட்டு வந்தாரு. பின்னால உக்காந்து வந்தவ நான். எனக்குத் தெரியும்.”